நாணயத்துக்கு நாணயம் உண்டா?

பத்துப் படி நெல்லைக் கடனாக வாங்கிச் சென்றான் ஒருவன். பத்தாண்டு கழித்துத் திரும்பி வந்தான். மறைக்கவில்லை, மறுக்கவில்லை, மூட்டையோடுதான் வந்தான். ஆனால், அளக்கும் படியை மட்டும் அறுத்துப் பாதியாக்கிக் கொண்டு வந்திருந்தான். அந்தக் குள்ளப் படியால் பத்து முறை அளந்து கொட்டிவிட்டு, "எண்ணிப் பார்த்துக்கொள், பத்துப் படி, கணக்குத் தீர்ந்தது" என்றான்.

கொடுத்தவன் என்ன செய்வான்? ஊரைக் கூட்டுவான். ஊர் என்ன சொல்லும்? "அளவையில் கை வைத்தவனே!" என்று காறித் துப்பும். அவனைப் பிடித்துச் சிறையில் போடச் சட்டமும் இருக்கிறது.

படியை அறுத்தால் குற்றம். ரூபாயை அறுத்தால்?

அதற்குக் குற்றம் என்று பெயரில்லை, தோழர்களே! பணவீக்கம் என்று பெயர்! வீங்குவது பணம், வாடுவது வயிறு. விலைகள் ஆண்டுக்கு 7 சதவீதம் வீதம் ஏறிக்கொண்டே போனால், பத்தே ஆண்டில் ரூபாய் பாதியாகிவிடும். நோட்டில் அச்சடித்த எண் மாறாது, காந்தியாரின் படம் மாறாது, கையெழுத்து மாறாது. மாறுவது, அந்த நோட்டைக் கொடுத்தால் கடைக்காரர் அளந்து போடுகிற அரிசி மட்டும்தான்!

வம்புக்குப் பேசவில்லை நாம். வழக்கு ஒன்றை எடுத்து வைக்கிறோம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆலையிலும் பட்டறையிலும் உழைத்து ஓய்ந்தவனுக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். பத்தாண்டு ஓடிற்று. 2024-லும் அதே ஆயிரம்! இடையில் விலைவாசி ஒன்றரை மடங்கையும் தாண்டிவிட்டது. 2014-இல் கொடுத்த ஆயிரத்தோடு ஒப்பிட்டால், 2024-இல் அவன் கையில் விழுந்தது அறுநூற்றுச் சொச்சம் ரூபாய்தான். மீதியை யார் எடுத்தார்கள்? பூட்டை உடைக்கவில்லை, பையை அறுக்கவில்லை. ஆனால், பணம் போய்விட்டது!

அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி இருக்கிறது. விலைவாசிக் குறியீடு ஏறினால் படி ஏறும். போராடிப் பெற்ற உரிமை அது. அவர்களுக்கு அது இருப்பதிலே நமக்குப் பொறாமையில்லை. நாம் கேட்பது வேறு. உழைக்கிற காலத்தின் கூலிக்குப் பஞ்சப்படி உண்டு என்றால், உழைத்துச் சேர்த்த காசுக்குப் பஞ்சப்படி வேண்டாமா?

விலை ஏறினால் யாருக்கு லாபம்?

பாட்டாளி ஒருவன் 1,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போடுகிறான். ஓராண்டில் 1,070 ரூபாய். மகிழ்ச்சியோடு கடைக்குப் போகிறான். அந்த ஆண்டில் விலைவாசி 9 சதவீதம் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு 1,000 ரூபாய்க்குக் கிடைத்த சாமான் இப்போது 1,090 ரூபாய். வட்டியும் வாங்கி, 20 ரூபாய் நட்டமும் அடைந்தான் அந்த அப்பாவி!

அவனுக்கு நட்டம் என்றால், எவனுக்கோ லாபம் இருக்கவேண்டும் அல்லவா? இருக்கிறது. கடன் கொடுத்தவன் இழந்ததைக் கடன் வாங்கியவன் பெறுகிறான். நாட்டிலேயே பெரிய கடன்காரர் யார்? சேட்டா? மிட்டா மிராசா? இல்லை; டில்லியிலே வீற்றிருக்கும் அரசாங்கம்! ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கோடிகளைக் கடன் பத்திரம் விற்றுத் திரட்டுகிறது. விலை ஏற ஏற, அந்தப் பழைய கடனின் சுமை தானாகவே கரைகிறது. வரி போடவேண்டுமானால் நாடாளுமன்றத்துக்கு வரவேண்டும், மசோதா கொண்டுவரவேண்டும், எதிர்க்கட்சி எழுந்து நின்று கேள்வி கேட்கும். விலை ஏற்றம் எனும் வரிக்கோ மசோதா இல்லை, விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. காய்கறிக் கூடையிலேயே வசூலாகிவிடுகிறது!

இன்னொன்றும் காண்கிறோம். ரூபாயின் மதிப்பைக் காக்கவேண்டிய காவல்காரர் ரிசர்வ் வங்கி. அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை ஏலம் போட்டு விற்றுக் கொடுக்கிறவரும் அதே ரிசர்வ் வங்கி. வட்டி குறைவாக இருந்தால்தான் எசமானுக்குக் கடன் மலிவு. வட்டி உயர்ந்தால்தான் சில வேளைகளில் விலை அடங்கும். எசமானுக்குக் கணக்குப்பிள்ளையாகவும், ஊருக்குக் காவல்காரராகவும் ஒரே ஆள்! இரவில் எந்தப் பக்கம் விழித்திருப்பார் என்று நாம் கேட்டால், கோபித்துக்கொள்ளக் கூடாது.

சிப்பாய் கேட்ட கணக்கு

இந்த நோய்க்கு மருந்தே இல்லையா? உண்டு. நேற்று முளைத்ததல்ல, 200 ஆண்டுக்கும் மேற்பட்ட மருந்து.

1780. அமெரிக்காவில் வெள்ளை ஏகாதிபத்தியத்தை எதிர்த்து விடுதலைப் போர். மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிப்பாய்களுக்குச் சம்பளம் காகிதப் பணத்தில். போர்ச் செலவுக்காக அச்சடித்து அச்சடித்து, அந்தக் காகிதம் சருகாகப் போயிற்று. களத்தில் இரத்தம் சிந்துகிறவன், வீட்டில் பிள்ளை பட்டினி என்று கேட்டால் துப்பாக்கியைத் தூக்குவானா, தூக்கிப் போடுவானா? மாநில அரசு ஒரு வழி கண்டது. சிப்பாய்களுக்குக் கொடுத்த கடன் பத்திரத்தில் பணத்தை மட்டும் எழுதவில்லை, பண்டத்தையும் எழுதிற்று. 5 புஷல் சோளம், 68 ராத்தலும் ஒரு ராத்தலில் ஏழில் நான்கு பங்கும் மாட்டிறைச்சி, 10 ராத்தல் ஆட்டு உரோமம், 16 ராத்தல் செருப்புத் தோல். இந்த நான்கும் சேர்ந்து 130 பவுண்டு என்பது அடிப்படைக் கணக்கு. பத்திரம் முதிரும் நாளில் இந்த நான்கின் விலை எவ்வளவு கூடியிருக்கிறதோ அந்த அளவுக்கு அசலும் கூடும், வட்டியும் கூடும்.

உண்ண, உடுக்க, காலில் மாட்ட எவையெவை வேண்டுமோ அவற்றாலேயே கடனை அளந்தார்கள். ஏழில் நான்கு பங்கு ராத்தலைக்கூட விடவில்லை பாருங்கள்! சிப்பாய்க்கு அரசு பட்ட கடன் அல்லவா, துல்லியமாகத்தான் இருக்கவேண்டும்.

இதைப் படிக்கும்போது நமக்கு 1967 நினைவுக்கு வருகிறது. ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்று மேடையிலே அண்ணா கேட்டார். படித்தவர்கள் சிலர் சிரித்தார்கள், பாமரர்கள் சிந்தித்தார்கள். ரூபாயின் மதிப்பை டாலரால் அளப்பவர் உண்டு, தங்கத்தால் அளப்பவர் உண்டு. அண்ணா அரிசியால் அளந்தார். ஏழைக்குத் தெரிந்த அளவை அதுதான். உண்மையான அளவையும் அதுதான்!

பத்திரம் நடக்கும் பாங்கு

விலைவாசியோடு பிணைத்த கடன் பத்திரம் என்பது இவ்வளவுதான். 1,000 ரூபாய்ப் பத்திரம். வட்டி ஒன்றரை சதவீதம். 'அட, இவ்வளவு குறைவா!' என்று எண்ணவேண்டாம். விலைவாசி 9 சதவீதம் ஏறினால், அசலே 1,090 ரூபாய் ஆகும். அந்த 1,090-க்கு ஒன்றரை சதவீதம் வட்டி, 16 ரூபாய் 35 காசு. அடுத்த ஆண்டு விலை 10 சதவீதம் ஏறினால், அசல் 1,199 ரூபாய். முதிர்வு நாளில் வளர்ந்த அசலைத் திருப்பித் தரவேண்டும். போட்டபோது எத்தனை படி அரிசி வாங்கலாமோ, அத்தனை படியும், அதற்கு மேல் கொஞ்சமும், கைக்கு வரும். அறுத்த படியால் அளக்க வழியில்லை!

இங்கிலாந்து 1970-களில் விலைவாசி எனும் பேயிடம் சிக்கித் தவித்தது. 1975-இல் ஆண்டு விலையேற்றம் 24 சதவீதம்! சேமித்து வைத்திருந்த முதியோர் செத்துப் பிழைத்தனர். அவர்களுக்கென்று அந்த ஆண்டே விலைவாசியோடு பிணைத்த சேமிப்புச் சான்றிதழை அரசு வெளியிட்டது. மக்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'பாட்டிப் பத்திரம்'. பாட்டியிடமிருந்து தொடங்கினார்கள், பிறகு 1981-இல், முதலில் ஓய்வூதிய நிதிகளுக்காக, பெரிய பத்திரங்களை விற்றார்கள். 1982-இல் எல்லோருக்கும் கதவு திறந்தது. அமெரிக்கா 1997 ஜனவரியில் இறங்கிற்று; மறு ஆண்டே, 1998-இல், சாதாரணக் குடிமகனுக்கென்று தனிச் சேமிப்புப் பத்திரமும் தந்தது. 25 டாலர் இருந்தாலும் வாங்கலாம். ஆண்டுக்கு 10,000 டாலர் என்று உச்சவரம்பு கட்டி, பணமூட்டைகள் நுழையாதபடி செய்தார்கள். 2022-இல் அங்கே விலைவாசி 9 சதவீதத்தைத் தொட்டபோது, அந்த ஆண்டு மே முதல் அக்டோபர் வரை வாங்கிய சிறு சேமிப்புக்காரனுக்கு முதல் ஆறு மாதத்துக்கு ஆண்டு விகிதப்படி 9.62 சதவீத வட்டி கிடைத்தது. முதலாளித்துவக் கோட்டையிலே!

தெர்மாமீட்டரும் மூக்கணாங்கயிறும்

இதிலே மத்திய வங்கிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு வேலை இருக்கிறது.

முதல் வேலை, தெர்மாமீட்டர். சாதாரணப் பத்திரம் 7 சதவீதம் தருகிறது. விலையோடு பிணைத்த பத்திரம், விலையேற்றம் நீங்கலாக, இரண்டரை சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் நாலரை. பணம் போடுகிறவர்கள், வரும் ஆண்டுகளில் விலை ஏறத்தாழ நாலரை சதவீதம் ஏறும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பது அதன் பொருள். மத்திய வங்கி 'விலையை 4 சதவீதத்தில் நிறுத்துவோம்' என்று சொல்லுகிறது. சந்தை அதை நம்புகிறதா, நகைக்கிறதா என்பது நாள்தோறும் இந்த வித்தியாசத்தில் தெரிந்துவிடும். அமெரிக்க, ஆங்கில மத்திய வங்கிகள் இதை உற்றுப் பார்த்துக்கொண்டேயிருக்கின்றன. 

தெர்மாமீட்டரும் தவறு காட்டுவதுண்டு. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2008 இறுதியில் அமெரிக்கப் பெருவங்கிகள் சரிந்தபோது, அகப்பட்ட பத்திரத்தை அகப்பட்ட விலைக்கு விற்றார்கள். பத்தாண்டுப் பத்திரங்களின் வித்தியாசம் ஏறத்தாழப் பூஜ்யத்துக்கு இறங்கிற்று. பத்தாண்டு விலையே ஏறாது என்று எவரும் நம்பியதல்ல காரணம், பீதி. ஆகவே, இது ஒன்றையே வேதவாக்காகக் கொள்ளக்கூடாது. ஆனால், தெர்மாமீட்டர் சில நேரம் பிழை காட்டுகிறது என்பதற்காக, எந்த வைத்தியரும் அதைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை.

இரண்டாவது வேலை, மூக்கணாங்கயிறு. சாதாரணக் கடனில், விலை ஏறினால் அரசாங்கத்துக்கு லாபம். பிணைத்த கடனில், விலை ஏறினால் அரசாங்கத்துக்குச் செலவு! ஆளவந்தார்க்கு விலையேற்றம் வலிக்கத் தொடங்கினால்தான், 'மத்திய வங்கியே, விலையைக் கவனி' என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். நாம் மேடையிலே தொண்டை வறளக் கத்துவதைவிட, கருவூலத்துக் கணக்குப் புத்தகம் போடுகிற கூச்சல் அவர்கள் காதில் நன்றாக விழும்.

டில்லி ஆடிய ஆட்டம்

இந்த நாட்டிலும் இந்தப் பத்திரம் வந்தது. வந்த வழியையும் போன வழியையும் கேளுங்கள்.

1997-இல் ஒருமுறை. 5 ஆண்டுப் பத்திரம். அசலை மட்டும் விலைவாசியோடு பிணைத்தார்கள், வட்டியைப் பிணைக்கவில்லை. பாதிக் குடை பிடித்து மழையில் நடப்பது போல! எடுப்பார் இல்லை, முயற்சி நின்றது.

2013-இல் மறுமுறை. ஜூன் 4 அன்று 1,000 கோடி ரூபாய்க்கு ஏலம், பத்தாண்டுப் பத்திரம், 1.44 சதவீத வட்டி. இம்முறை அசலும் வட்டியும் பிணைப்பு. எதனோடு பிணைத்தார்கள் தெரியுமா? மொத்த விலைக் குறியீட்டோடு!

தோழர்களே, நம்மிலே யார் மொத்த விலையில் சாமான் வாங்குகிறோம்? கொத்தவால் சாவடியில் லாரி லாரியாக இறக்குபவரா நாம்? தெருமுனைக் கடையில் கால் கிலோ பருப்பும் நூறு மில்லி எண்ணெயும் வாங்குகிறவர்கள்! மொத்த விலைக் குறியீட்டில் இரும்பு உண்டு, கச்சாப் பொருள் உண்டு, இரசாயனம் உண்டு. வீட்டு வாடகை இல்லை. பள்ளிக் கட்டணம் இல்லை. மருத்துவச் செலவு இல்லை. பஸ் கட்டணம் இல்லை.

விளைவு என்ன? 2014-இன் இறுதியிலிருந்து 2016 மார்ச் வரை, ஓராண்டுக்கும் மேலாக, மொத்த விலைக் குறியீடு முந்தைய ஆண்டைவிடக் கீழேயே கிடந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததே முக்கிய காரணம். அதே காலத்தில் சில்லறை விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 6 சதவீதம் வரை ஏறிக்கொண்டிருந்தது. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதே, நினைவிருக்கிறதா? வீட்டில் சாம்பார் நீர்த்துப் போயிற்று. குறியீடோ, 'விலை இறங்கிவிட்டது' என்று கூறிற்று! விலையேற்றத்திலிருந்து காப்பாற்றும் என்று சொல்லி விற்ற பத்திரம், விலையேறிய காலத்தில் அசலைக் குறைத்துக் கணக்குப் போட்டது. வெயிலுக்குக் குடை கேட்டவனுக்கு விசிறியின் படத்தைக் கொடுத்த கதை!

அதே 2013-இன் டிசம்பரில், பிழையை உணர்ந்தவர்கள் போல, சில்லறை விலைக் குறியீட்டோடு பிணைத்த சேமிப்புப் பத்திரம் ஒன்றை மக்களுக்கு விற்க வந்தார்கள். விலையேற்றத்துக்கு மேல் ஒன்றரை சதவீதம். நல்லது என்று நாமும் சொல்வோம். ஆனால், குறைந்தது 5,000 ரூபாய் போடவேண்டும். வட்டி கைக்கு வராது, பத்தாண்டு முடிவில்தான் எல்லாம் சேர்ந்து வரும். வரிச் சலுகையும் இல்லை. பாட்டிக்கும் தெரியவில்லை, பாட்டாளிக்கும் தெரியவில்லை. 2014 மார்ச் 31-இல் கதவைச் சாத்தினார்கள். 'மக்கள் ஆர்வம் காட்டவில்லை' என்பது காரணம். நள்ளிரவில் நாடகம் போட்டுவிட்டு, கூட்டம் வரவில்லை என்றால் யார் மேல் பழி?

அடுத்த ஆண்டு, 2015 நவம்பரில், தங்கத்தின் விலையோடு பிணைத்த பத்திரத்தை விற்கத் தொடங்கினார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கில் விளம்பரம், பல தவணை விற்பனை, முதிர்வு வரை வைத்திருந்தால் லாபத்துக்கு வரிவிலக்கு! தங்கம் வாங்குகிறவனுக்குத் தங்கத்தின் விலைக்கு ஏற்பப் பத்திரம் 2024 வரை விற்கப்பட்டது. அரிசி வாங்குகிறவனுக்கு அரிசியின் விலைக்கு ஏற்பப் பத்திரம் நாலே மாதத்தில் மூடப்பட்டது. இதுதான் டில்லியின் நீதி!

வெளிவராத கடிதம்

2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். விலையேற்றத்தை 4 சதவீதத்தில் நிறுத்தவேண்டும். 2 வரை இறங்கலாம், 6 வரை ஏறலாம். வட்டியைத் தீர்மானிக்க ஆறு பேர் குழு. மூவர் ரிசர்வ் வங்கி, மூவர் டில்லி நியமனம். அரிசி விளைவிப்பது, ரேஷன் கடை நடத்துவது, விலையேறினால் மக்களிடம் வசவு வாங்குவது எல்லாம் மாநிலங்கள். அந்த ஆறு நாற்காலியில் மாநிலங்களுக்கென்று சட்டம் ஒதுக்கிய நாற்காலி ஒன்றுகூட இல்லை!

சட்டத்தில் இன்னொரு விதி. தொடர்ந்து மூன்று காலாண்டு இலக்கைத் தவறவிட்டால், ரிசர்வ் வங்கி அரசுக்குக் கடிதம் எழுதி, ஏன் தவறினோம், எப்படிச் சரிசெய்வோம் என்று சொல்லவேண்டும். 2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டும் சராசரி 6 சதவீதத்தைத் தாண்டிற்று. நவம்பரில் குழு கூடிற்று, கடிதம் எழுதிற்று. மக்கள் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வெளியிடச் சட்டத்தில் இடமில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது!

அறுக்கப்பட்டது நமது படி. அளந்த கணக்கு நமக்கு இரகசியம்! ஆனால், பரிகாரம் மட்டும் பகிரங்கமாக வந்தது. 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரி வரை வட்டியை 4 சதவீதத்திலிருந்து ஆறரை சதவீதத்துக்கு ஏற்றினார்கள். வீட்டுக்கடன் வாங்கிய தொழிலாளியின் மாதத் தவணை ஏறிற்று. இலக்கைத் தவறவிட்டது ஒருவர், தண்டனை கட்டியது வேறொருவர்.

இங்கிலாந்தில் இதே போன்ற கடிதத்தை மத்திய வங்கியின் ஆளுநர் நிதியமைச்சருக்கு எழுதும்போது, ஊருக்கே வெளியிடுகிறார்கள். படித்துப் பார்த்து ஏடுகள் திட்டுகின்றன. திட்டு வாங்கியதனால் அந்த வங்கி இடிந்து விழுந்துவிடவில்லை.

கம்பைத் திருடிய கதை

'அப்படியானால் எல்லாக் கடனையும் விலைவாசியோடு பிணைத்துவிட்டால் போதுமே!' என்று ஆர்வத்திலே சொல்லிவிடாதீர்கள். எச்சரிக்கை ஒன்று அர்ஜென்டினாவிலிருந்து வருகிறது.

2001-02 நெருக்கடிக்குப் பின், அந்நாட்டுக் கடனில் கணிசமான பகுதி விலைவாசிக் குறியீட்டோடு பிணைந்திருந்தது. விலை ஏறினால் அரசுக்குச் செலவு. செலவைக் குறைக்க இரண்டே வழி. விலையைக் குறைக்கலாம்; அல்லது குறியீட்டைக் குறைக்கலாம்! 2007 தொடக்கத்தில் அரசு புள்ளிவிவர அலுவலகத்துக்குள் புகுந்தது. குறியீட்டுக்குப் பொறுப்பானவரை மாற்றிற்று. அதன்பின் அரசின் கணக்குப்படி விலையேற்றம் 10 சதவீதத்தை ஒட்டி. மாநிலங்கள் தாமே எடுத்த கணக்குப்படியோ 20-க்கும் மேலே. சொந்தமாகக் கணக்குப் போட்டு வெளியிட்ட நிறுவனங்களுக்கு 2011-இல் அபராதம்! 2013 பிப்ரவரியில் பன்னாட்டு நிதியம் அந்த அரசைக் கண்டித்தது. 2016-இல்தான் அந்தக் கண்டனம் நீங்கிற்று.

இதிலே நமக்கு இரண்டு பாடம். பத்திரத்தைவிடக் குறியீடு முக்கியம்; அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறான் என்பதே கேள்வி. இரண்டாவது, மையத்து அரசு பொய்க் கணக்குக் காட்டியபோது, உண்மையை உலகுக்குச் சொன்னவை மாநிலங்களின் சொந்தக் கணக்குகள்! மாநில உரிமை என்று நாம் பேசும்போதெல்லாம் குறுகிய நோக்கம் என்று பழிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

மறுப்பும் மறுமொழியும்

'பிரேசிலைப் பாருங்கள்' என்பார்கள் சிலர். பார்த்தோம். 1964 முதல் கடன், கூலி, வாடகை எல்லாவற்றையும் விலையோடு பிணைத்தார்கள். ஒன்றை ஒன்று துரத்தி, 1993-இல் விலையேற்றம் 2,000 சதவீதத்தைத் தாண்டிற்று. 1994-இல் புதிய நாணயம் கொண்டுவந்துதான் அடக்கினார்கள். நாடே பிணைந்து ஓடினால் அந்த ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. நாம் கேட்பது அதுவல்ல. ஏழையின் சிறு சேமிப்புக்கு மட்டும் ஒரு வேலி.

'2022-இல் இங்கிலாந்து பட்ட பாட்டைப் பாருங்கள்' என்பார்கள் வேறு சிலர். அதையும் பார்த்தோம். அங்கே அரசுக் கடனில் ஏறத்தாழ கால்பங்கு பிணைந்த பத்திரம். அது பின்பற்றும் பழைய விலைக் குறியீடு 2022 அக்டோபரில் 14.2 சதவீதத்தைத் தொட்டது. வட்டிச் செலவு விண்ணை முட்டிற்று. கனடா 2022-இலும் ஜெர்மனி 2023-இன் இறுதியோடும் புதிய பத்திரங்களை நிறுத்தியே விட்டன. மெய்யான மறுப்பு இது, மழுப்பக்கூடாது.

விலை ஏறினால் யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். சாதாரணப் பத்திரத்தில் சேமித்தவன் சத்தமின்றிச் சுமக்கிறான். பிணைத்த பத்திரத்தில் கருவூலம் சத்தத்தோடு சுமக்கிறது. கருவூலத்துப் பணமும் மக்கள் வரிதானே என்றால், ஆம்! அதனால்தான், அந்தப் பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறது என்று கேட்கிறோம். பெருநிதி நிறுவனங்களின் பெட்டியில் மட்டும் இருந்தால், பாட்டாளியின் வரி பணக்காரனின் வேலிக்குப் போகும். பாட்டாளியின் பெட்டியில் இருந்தால், அவன் வரி அவனையே காக்கும். மருந்து ஒன்றுதான், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதிலே இருக்கிறது நோய் தீர்வதும் வளர்வதும்.

ஆகவே, கேட்கிறோம்!

தபால் நிலையத்தில், நூறு ரூபாய்க்கும் வாங்கக்கூடியதாக, விலைவாசியோடு பிணைத்த சிறு சேமிப்பு வேண்டும். தலைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் வேண்டும். அதைத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டோடு பிணையுங்கள். மொத்த வியாபாரியின் குறியீட்டோடு அல்ல.

ஆலைத் தொழிலாளியின் ஓய்வூதியத்தைப் பஞ்சப்படியைப் போல விலையோடு உயர்த்துங்கள்.

இலக்கு தவறியதற்கான கடிதம் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வரும்படி சட்டத்தைத் திருத்துங்கள்.

குறியீட்டைக் கணக்கிடுவதிலும், வட்டியைத் தீர்மானிப்பதிலும் மாநிலங்களின் குரலுக்கு இடம் கொடுங்கள்.

பிச்சையல்ல இவை, சலுகையுமல்ல. கொடுத்த கடனைக் கொடுத்த அளவிலேயே திருப்பிக் கேட்கிறோம். மாசசூசெட்ஸ் சிப்பாய் சோளத்தாலும் தோலாலும் கேட்டான். நாம் அரிசியாலும் பருப்பாலும் கேட்கிறோம்.

தோழர்களே! பொருளாதாரம் என்றதும் 'அது படித்தவர் சமாச்சாரம்' என்று எழுந்து போகவேண்டாம். உங்கள் அடுப்பங்கரையில் நடப்பதுதான் அது. வாயிற்கூட்டத்திலே பேசுங்கள், தேநீர்க் கடையிலே பேசுங்கள், சங்கத்து மாநாட்டிலே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். "நோட்டிலே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, அந்த நாணயத்துக்கு நாணயம் உண்டா?" என்று கேளுங்கள்.

படியை அறுத்தவனை ஊர் விடுவதில்லை. ரூபாயை அறுப்பவரை மட்டும் நாடு ஏன் விடவேண்டும்?